லெப்பைக்குடிக்காடு அத்தியாயம்

நசீரு,

நான் எழுதின பெரம்பலூர் வரலாறு நாளைக்கு அச்சுக்குப் போகுது. லெப்பைக்குடிக்காடு அத்தியாயம் முழுக்க உங்க அத்தா சொன்னதுதான். கடைவீதிக் கிணறு வெட்டின வருஷத்தை மட்டும் காலியா விட்டிருக்கேன். ரெண்டாவதா ஒரு ஆள் சொல்லாம நான் எதையும் எழுதறதில்ல. அந்த ரெண்டாவது ஆள் நீதான். கேக்க வாய் வரல.

கிணத்து வருஷத்துக்கு ஒன்பது வருஷம் காத்திருந்த நான், உன் பையன் தவ்ஹீதுக்குப் பத்து நிமிஷம் பொறுக்கல. நாலு ரோட்டுல பைக் நசுங்கிக் கிடந்துச்சு, பக்கத்துல உசுரு போன உடம்பு. முகத்தைப் பார்த்ததுமே அவன்தான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும், மத்த நிருபருங்க முந்திடுவாங்கன்னு பேரு, வயசு, ஊரு எல்லாம் போட்டு ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். கைப் பழக்கம். ஷார்ஜாவுல நீ அதை போன்ல படிச்சப்ப, உன் சம்சாரம், தங்கச்சி ரஷீதா, இங்க அவனுக்குச் சோறு எடுத்து வச்சுட்டு உக்காந்திருந்துச்சாம்.

மய்யித்தை அடக்கத்துக்கு எடுக்கறப்ப வந்தேன். பள்ளிவாசல் தெருமுனையிலேயே நின்னுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்.

முப்பத்தோரு வருஷத்துல என் செய்திக்கு ஒரு மறுப்புகூட வந்ததில்லன்னு உன்கிட்டயே பெருமையடிச்சிருக்கேன். அந்தச் செய்தி தப்புன்னு மறுநாள் யாராவது ஆபீஸ் வாசல்ல வந்து என் சட்டையப் பிடிச்சிருந்தா, அவங்க கால்ல விழுந்திருப்பேன்.

உன் பழைய கூட்டாளி