இளவரசரை மரத்தில் ஏற்றிய கதை

அன்பு மகன் சான் தூனுக்கு, புத்தம், தருமம், சங்கம் என்ற மும்மணியின் காவலில் நீ சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம். ரங்கூன் அரிசி ஆலை வேலையை உதறிவிட்டு இளவரசருக்குச் சேவை செய்யக் காட்டுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா? சண்டையில் தோற்று ஓடி வந்தவரை மூன்று மாதமாக இந்தப் பள்ளத்தில் ஒளித்து வைத்து நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியாது. வெள்ளைக்காரப் பட்டாளம் அவரைக் கண்டுபிடித்தால் ஊரையே கொளுத்திவிடும். இதில் உன் அப்பா அரண்மனை வழக்கம் பேசுகிறார். இளவரசர் தலைக்கு மேலே நம் கால் இருக்கக் கூடாதாம், அதனால் மேட்டு இலவமரத்தில் ஏறிக் காவல் பார்க்க ஒருவனையும் விடவில்லை. காவல்காரன் தரையில் உட்கார்ந்து புதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! இரண்டு தடவை பட்டாளம் ஓடைவரை வந்து போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நான் கத்தினேன். அவங்க தலைக்கு மேல நம்ம கால் இருக்கலாமாடி, பாவம் ஏழு பிறவிக்கும் விடாதுடி என்கிறார் உன் அப்பா. பட்டாளத்தான் வந்து சீவிட்டுப் போனா அப்புறம் தலை எங்கங்க இருக்கும், அப்ப அவரையே ஏத்தி விடுங்க, அவருக்கு மேல யாரும் இருக்க மாட்டாங்கல்ல என்றேன். பாய் மறைவிலிருந்து இளவரசரே வெளியே வந்து, அந்தம்மா சொல்றது சரிதான் என்று பட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். உன் அப்பா கீழே நின்று ராஜ மரியாதைக்கு வெள்ளைக் குடையை விரித்தார், காத தூரத்துக்குத் தெரியுமே என்று அதைப் பிடுங்கி ஓடையில் எறிந்தேன். என்ன மனுஷரோ!

பௌர்ணமிக்கு மறுநாள் காலை மரத்தில் காவலிருந்த இளவரசர் எச்சரிக்கையாக இலவங்காய்களைப் பிய்த்துப் போட்டார். உன் அப்பா ஓடி வந்து சொல்ல, நாங்கள் நாற்பது பேரும் பள்ளத்து ஓரக் குகைக்குள் போய்விட்டோம். பாழாய்ப்போன பட்டாளம் அந்த மரத்தடியிலேயே மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்டு மதியம்வரை தூங்கியது. கிளை முழுக்க முசுடு எறும்பு. அவர் அசையவில்லை, முனகவில்லை. அவர்கள் போன பிறகு இறங்கி வந்தார், முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. தனித் தட்டு கேட்கவில்லை, என் சட்டியிலிருந்தே சோற்றையும் ஙப்பி மீன் விழுதையும் அள்ளித் தின்றார். மஞ்சள் அரைத்துத் தலையிலும் முகத்திலும் என் கையாலேயே தடவினேன். உன் அப்பா திரும்பி நின்றுகொண்டார். வலியில் என் மேல்துண்டைப் பிடித்துக்கொண்டு, உங்க பையனுக்கு என்ன வயசும்மா என்று கேட்டான். இருபத்தொண்ணு என்றேன். எனக்கும் அதேதாம்மா என்றான். கேட்டான் என்று எழுதிவிட்டேன், உன் அப்பா பார்த்தால் குதிப்பார், குதிக்கட்டும்.

நீ வராதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. இதைக் கொண்டுவரும் படகுக்காரரிடம் ஒன்றும் கேட்காதே, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் தலைமுடிக்குக்கூட ஒரு கேடும் வராமல் இருக்க வேண்டும். ஒளித்து வைத்துக்கொண்டு பதற எனக்கு ஒரு பிள்ளை போதும்.

உன் அம்மா,
மே ங்வே யின்