பல் காட்டப் போன இடத்தில்

12.9.78, செவ்வாய்

இன்று பல் டாக்டரிடம் கோபப்பட்டுவிட்டேன். தப்பு யார் மேல் என்று இப்போது தெரியவில்லை.

ஆனி மாதம் என் மனைவி செல்லத்துக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். குழி இன்னும் ஆறவில்லை, அதில் சதை வளர்கிறது. கீழுதடு மரத்துப்போய், காப்பி வழிவதுகூட அவளுக்குத் தெரிவதில்லை. எல்லாம் வெற்றிலை போடுவதால் வந்தது என்று திட்டிக்கொண்டேதான் சோழவந்தானிலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது வாயில ஆரம்பிச்சதாத் தெரியல. வேற எங்கயோ இருந்து தாடை எலும்புக்கு வந்திருக்கலாம். ஏம்மா, மார்புல கட்டி ஏதும் இருக்கா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "பல்லைக் காட்ட வந்தா என் பொண்டாட்டிகிட்ட என்ன கேள்வி கேக்குறீக?" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்திரி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரு கேட்டது சரிதாங்க. இடது பக்கம் ஒரு வருஷமா இருக்கு. வலிக்கல, அதான் சொல்லல."

மார்பில் இருப்பது தாடைக்கு எப்படி வரும்? வாயைப் பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்தது? விடிந்ததும் அவர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். என்ன சொல்லிக்கொண்டு நிற்பது?

செல்லம் தூங்குகிறாள். ஒரு வருஷமாகவே வலப்பக்கம் திரும்பித்தான் படுக்கிறாள். ஜன்னல் காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.