காட்டில் பெருக்கிவைத்த இடம்

கொல்லம் 1108, மாசி 12. இரவு.

“நடுக்காட்டுல இடத்த யாரு இப்பிடிப் பெருக்கி வச்சிருக்கா?” என்று நேற்று என் மனைவி செல்லம் கேட்டாள். அவளுடைய வீங்கிய காலை வைத்தியரிடம் காட்டப் போகும் வழியில், குலசேகரத்துக்கு மேலே வண்டி அச்சு முறிந்தது. இருட்டிவிட்டது.

“யட்சி பெருக்கியிருப்பா. படு அக்கா,” என்று பாயை விரித்தான் மைத்துனன் தாணு.

ஓலைச்சூட்டுப் பந்தத்தைக் கொளுத்திச் சுற்றிப் பார்த்தேன். பள்ளிச் சுவரில் பிள்ளைகள் தோள் உரசும் உயரத்தில் அழுக்குப் படிந்திருக்குமே, அதுபோல மரங்களில் சேறு அப்பியிருந்தது. என் தலைக்கும் மேலே. அது யானைகள் வழக்கமாகப் போய்வந்து, மிதித்தே பெருக்கியதுபோல ஆக்கிய தடம்.

பாறைமேல் ஏறிவிடலாம் என்றேன்.

“இந்தக் காலோட அக்காளக் கொல்லப் போறியளா, அத்தான்?” என்று தாணு கத்தினான்.

இருவருமாகத் தாங்கி ஏற்றினோம். ஓரிடத்தில் கை நழுவி அவள் விழுந்துவிட்டாள், அழவில்லை. மாடுகளையும் மேலே ஓட்டினோம்.

விடியுமுன் யானைகள் வந்தன. போன பிறகு பார்த்தால், தாணு விரித்த பாய் மண்ணுக்குள் மிதிபட்டுக் கிடந்தது.

விழுந்த அடியில், இனி அவள் கால் ஊன்றி நடப்பது சந்தேகம் என்கிறார் வைத்தியர். தாணு என் முகத்தைப் பார்க்கவில்லை. “உயிரோட இருக்கேம்லா,” என்கிறாள் செல்லம்.

இருட்டில் தங்க நேர்ந்தால், மாட்டை அவிழ்க்குமுன் வெளிச்சத்தோடு ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும்.