டோக்கன் பதினெட்டுக்கு

என் பயந்தாங்கொள்ளிக்கு,

நேற்று தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னது பொய். பால்வினை நோய்ப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரியில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்; நான் வீடு திரும்புவதற்குள் சேதி அம்மா காதுக்குப் போய்விடும். நான் போன கிளினிக்கில் டோக்கன் எண் மட்டும்தான். அதற்காகவே இரண்டு பஸ் மாறி, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போனேன்.

தொற்று இருக்கிறதாம். "பயப்படாதீங்கம்மா, ஏழு நாள் மாத்திரையில சரியாயிடும். ஆனா உங்க அவரும் வந்து டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றார் நர்ஸ். மாத்திரையை விழுங்கிவிடலாம். நம் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது உன்னிடம் இதை எப்படிச் சொல்வது? மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன்.

காத்திருக்கும் கூடத்தில், மின்விசிறிக்கு அடியில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். "பதினெட்டு!" என்றதும் துள்ளி எழுந்து, கதவில் மண்டையை இடித்துக்கொண்டான். ஹெல்மெட்டின் பின்பக்கம் நான் ஒட்டிய வாத்து ஸ்டிக்கர்!

வண்டியை சர்வீஸுக்கு விடப் போவதாகத்தானே சொன்னாய், திருடா? தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இதை உன் ஹெல்மெட்டுக்குள்ளேயே வைக்கிறேன். அடுத்த வாரம் மறுபரிசோதனைக்கு நீ அது இல்லாமல் வா. நானும் முகத்தை மூடாமல் வருகிறேன்.

உன் பக்கத்து எண்,
பதினேழு