தம்பியின் மகள் எந்தக் குடி

2024 பெப்ரவரி 9, வெள்ளி

பால்காரன் இன்றைக்கும் தண்ணீர் கலந்துதான் தந்தான். முகத்துக்கு நேரே கேட்டேன். "வல்லாஹி இல்ல ராத்தா" என்றான். சத்தியம் பண்ணச் சொல்லாமலே பண்ணுகிறவர்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. தம்பி பெண்டாட்டி நிஸ்றாவும் அப்படித்தான் சத்தியம் பண்ணினாள்.

தம்பி மின்ஹாஜ் மௌத்தாகி ஒரு மாதம் ஆகப்போகிறது. முப்பத்திமூன்று வயது. சிகரெட் இல்லை, தொந்தி இல்லை. ஏறாவூரில் நிஸ்றா வீட்டில் இரவு புட்டும் இறைச்சியும் சாப்பிட்டுப் படுத்தான், சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னே அடக்கமும் முடிந்தது. நேரத்தோடு அடக்குவதுதான் நம் வழக்கம், தெரியும். ஆனாலும்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. உம்மாவையும் குடிக்க விடவில்லை.

பெப்ரவரி 14

என் புருசன் மஜீட் விடமாட்டேன் என்கிறார். "தம்பிக்கு நெஞ்சில வந்ததெண்டா நீயும் ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பாரு."

நெஞ்சில் வந்தது இருக்கட்டும், வயிற்றுக்குள் என்ன போனது என்று கேளுங்கள் என்றேன். மனிசன் எழும்பிக் கடைக்குப் போய்விட்டார்.

பெப்ரவரி 20

கொலஸ்ட்ரோல் முந்நூற்று நாற்பதாம். எனக்கு! காற்றடித்தால் பறக்கிற உடம்பு என்னுடையது. யாரோ இறைச்சிக் கடைக்காரரின் இரத்தத்தை என் பெயரில் போட்டிருக்கிறார்கள்.

பெப்ரவரி 24

வேறு இடத்தில் கொடுத்தேன். அங்கேயும் அதே கதை. இரண்டு இடமும் கூட்டாக இருக்குமோ?

மார்ச் 2

டவுனில் டொக்டர் கேதீஸ்வரியைப் பார்த்தோம். ரிப்போட்டை விட்டுவிட்டு என் கையைத்தான் முதலில் பிடித்தார். விரல் மூட்டுகளில் இருக்கும் சின்னக் கட்டிகளை அமத்திப் பார்த்தார். தும்புத்தடி பிடித்து வீடு கூட்டிக் காய்த்தது என்றேன். காலையும் காட்டச் சொன்னார். குதிக்கு மேலே உள்ள தசைநாண் தடித்திருக்கிறதாம்.

"றுமானா, உங்கட வீட்டில ஆராவது இளம் வயசில இறந்து போனவையா?"

இதை யார் சொல்லிக் கொடுத்தது? மஜீட்டைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் சொன்னது இதுதான். ஈரலின் கலங்கள் (செல்கள்) ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ரிசெப்டர் என்று ஒரு புரதம் இருக்கிறது. இரத்தத்தில் வரும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே எடுப்பது அதன் வேலை. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வருகிறது. எனக்கு வந்ததில் ஒன்று பழுது. அதனால் ரிசெப்டரில் பாதி வேலை செய்யாது. பிறந்த நாளிலிருந்தே கொழுப்பு படிகிறது, மெலிந்த உடம்பும் தப்பாது. வாழ்நாள் முழுக்க மருந்துக் குளிசை போட்டால் பயமில்லை. இரத்த உறவு எல்லோரையும் சோதிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தம்பியின் குதியும் இப்படித்தான். சின்னதில் 'யானைக்குதி' என்று கேலி செய்வேன், கல்லெடுத்துக்கொண்டு துரத்துவான்.

ஆனால் இந்த டொக்டர் குளிசைக் கொம்பனிக்காரியாகவும் இருக்கலாம்.

மார்ச் 17

நோன்பு. உம்மா, எனக்கு மூத்த ராத்தா றஸீனா, அவள் பிள்ளைகள், என் மகன் றிப்ஷான் எல்லோரையும் வரிசையாகக் கூட்டிப்போய் இரத்தம் கொடுக்க வைத்தேன். உம்மா வழியில் வரும் எங்கள் குடியில் ஒருத்தரையும் விடவில்லை. றிப்ஷான் ஊசியைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டான். யா அல்லாஹ், என் பிள்ளைக்கு வேண்டாம்.

மார்ச் 21

ஒருத்தருக்கும் இல்லை! அல்ஹம்துலில்லாஹ்.

அப்படியென்றால் எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? உம்மாவிடம் இல்லாதது எனக்கு எப்படி வரும்? குடியிலேயே இல்லாத நோய் தம்பியைக் கொன்றதா? நான் முதலில் நினைத்ததுதான் சரி. நிஸ்றாவை விடமாட்டேன்.

மார்ச் 30

ரிப்போட்டுகளை டொக்டரின் மேசையில் அடுக்கி வைத்தேன். இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பார்ப்போம் என்ற மாதிரித்தான்.

வாப்பாவைப் பற்றிக் கேட்டார். நாற்பது வயதில், கடையில் கோதுமை மா மூட்டை மேல் சரிந்து மௌத்தானவர் என்றேன். கூட்டு வியாபாரி செய்வினை வைத்தான் என்று உம்மாவுக்கு இன்றைக்கும் சந்தேகம். அதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பிக்குப் பிள்ளையள்?"

"ஒரு மகள். நஸ்ஹா. ஒன்பது வயசு."

"அவவின்ட ரிப்போட் எங்க?"

"அவ எங்கட குடி இல்ல டொக்டர். தாய்ட குடிதானே."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "எனக்கும் ஊர் இந்தப் பக்கம் மண்டூர்தான் அம்மா. குடி தாய்வழி எண்டு எனக்கும் தெரியும். ஆனா இந்த நோய் வாப்பாட பக்கத்தால வந்திரிக்கு. உங்களுக்கு வந்திரிக்கு, தம்பிக்கும் வந்திரிக்கும் போல. அந்தப் பிள்ளையைத்தான் முதல்ல கொண்டு வந்திரிக்கணும்."

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது அழுகை வந்துவிட்டது. அப்ப நிஸ்றா ஒண்டும் செய்யல்ல. புட்டும் இல்ல, இறைச்சியும் இல்ல. என்ட வாப்பாட இரத்தம்தான் என்ட தம்பியத் திண்டிரிக்கு. அந்தப் புள்ளைக்குள்ளயும் ஓடுதோ— நான் அத மறந்தே போனேனே. மச்சான் புள்ள, மாமி புள்ள எல்லாத்தையும் கணக்கு வைக்கிற நான்.

ஏப்ரல் 6

ஏறாவூருக்குப் போனேன். நிஸ்றா இத்தாவில் இருக்கிறாள், புருசன் மௌத்தானவள் வெளியே போகாமல் இருக்கும் நாலு மாதம் பத்து நாள்; உள்ளறையை விட்டு வரவில்லை. நானே உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டாள்.

"என்ட புள்ளைட இரத்தமும் இப்ப வேணுமா உங்களுக்கு? புருசனுக்கு விசம் வச்சவள் எண்டு உங்கட காத்தான்குடி முழுக்கச் சொன்னீங்க. இப்ப நோய் எண்டு சொல்லிப் புள்ளையக் கேக்கிறீங்க. நான் என்னெண்டு நம்புற மதினி?"

அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

மஃரிப் பாங்கு சொன்னது. நோன்பு திறக்க என் பையில் ஈத்தம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தன, வீட்டிலிருந்து கொண்டு போனவை. நிஸ்றா என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைத் தொடவில்லை. அவள் முன்னால் இருந்த கஞ்சிக் கோப்பையை எடுத்து பிஸ்மி சொல்லிக் குடித்தேன். இறைச்சிக் கஞ்சி. உப்புக் கொஞ்சம் குறைவு. இன்னொரு கோப்பை கேட்டேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், கஞ்சியும் கையுமாக.

பிறகு சொன்னாள்: "நான் வெளிய வரேலா. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். அவளுக்கு ஊசிக்குப் பயம், கையப் புடிச்சுக்கோங்க."

ஏப்ரல் 16

நஸ்ஹாவுக்கும் இருக்கிறது. நேரத்தோடு கண்டுவிட்டோம், கவலைப்பட வேண்டாம் என்கிறார் டொக்டர். இந்த ஒரு முறை நம்புகிறேன்.

ஒக்டோபர் 4, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் நிஸ்றாவும் நஸ்ஹாவும் இங்கேதான். சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கும் பிள்ளைக்கும் ஆளுக்கொரு குளிசை.

இன்றைக்கு நான் போட்டாயிற்று என்றேன். நஸ்ஹா நம்பவில்லை. "வாயைத் திறங்க மாமி. நாக்கைத் தூக்குங்க." குனிந்து பார்த்தாள். அதுவும் போதாமல் போய் வெற்றுக் குளிசை அட்டையைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

இந்தப் பிள்ளையையா எங்கள் குடி இல்லை என்று சொன்னேன்?