கழற்றிய இரண்டு பட்டைகள்

செவ்வாய், இரவு.

என் ஜீப்பின் பின்பக்க ஸ்பிரிங் அடுக்கில் பக்கத்துக்கு ஒரு இரும்புப் பட்டையைக் கழற்றச் சொல்லிக் கோட்டையூர் பட்டறைக்குப் போனேன். சுமை இல்லாதபோது ஸ்பிரிங் விறைத்துக்கொண்டு, கண்மாய்ப் பள்ளத்தில் வண்டி என்னைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மெக்கானிக் என் எதிரிலேயே என் கணவருக்குப் போன் போட்டார்.

“சார் வேணாங்குறாக. ஒருதடவ அவுகளையும் கூட்டிட்டு வாரீகளா?”

“அவுக இந்த வண்டிய ஓட்டுனதே இல்ல. நீங்க கழட்டுங்க, நான் இங்கயே நிக்கிறேன்.”

கழற்றினார். திரும்பும்போது வேண்டுமென்றே அதே பள்ளத்தில் இறக்கினேன். இருக்கையை விட்டு நான் எழும்பவே இல்லை.

வீட்டில் இவர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். கழற்றிய பட்டைகள் இரண்டையும் அவர் பேப்பர் படிக்கும் நாற்காலியில் வைத்திருக்கிறேன். கிரீஸ் ஒட்டினால் ஒட்டட்டும். காலையில் உட்கார வேண்டுமென்றால் அவரே தூக்கி வைக்கட்டும். எவ்வளவு கனம் என்று அவருக்கும் தெரியட்டும்.