மேல் ஓடை வேட்டைப்பகுதி எனக்கு வேண்டாம்

அனுப்புநர்:
பிரோகோபி எல்தோகிர்,
வேட்டைக்காரர், கீழ் ஓடை,
ஊல்கித் கிராமம்.

பெறுநர்:
மாவட்ட வேட்டைத் துறை அலுவலர் அவர்கள்,
மாவட்டத் தலைமையகம்.

பொருள்: குப்ரியான் சாபோகிரின் மேல் ஓடை வேட்டைப்பகுதியை எனக்கு வழங்கிய உத்தரவை ரத்து செய்து, அவரை இன்னும் ஒரு குளிர்காலம் வேட்டையில் நீடிக்கச் செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேல் ஓடை இனி எனக்குத்தான் என்று தங்கள் அலுவலகம் வானொலியில் அறிவித்தது. ஊரே கேட்டுவிட்டு வந்து வாழ்த்தியது. அந்த வாழ்த்தை ஏற்க முடியாத நிலையில் இதை எழுதுகிறேன்.

2. தோல் வியாபாரத்தின் நிலை தாங்கள் அறியாததல்ல. ஏலத்துக்குப் போகும் மூட்டைகள் பிரிக்கப்படாமலே திரும்புகின்றன. வெளிநாட்டுச் சீமாட்டிகள் விலங்குகள்மேல் இரக்கப்பட்டு நைலான் கோட்டுக்கு மாறிவிட்டார்களாம். எங்கள் ஊர் ஆண்கள் எரிவாயுக் குழாய் வேலைக்குப் போய்விட்டார்கள். மென்மயிர்த் தோலுக்காகச் சேபிள் விலங்கைப் பிடிக்க மிஞ்சியவர்கள் குப்ரியானும் நானும்தான். இப்போது அவரும் குழாய்க்குக் காவலாளியாகப் போகிறார்.

3. சிறந்த வேட்டைக்காரர் பட்டம் ஆண்டுதோறும் குப்ரியானுக்கே கிடைத்து வந்தது. எனக்கு எப்போதும் இரண்டாமிடம். போட்டியிட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியாத வெளியூர்க்காரர்கள் இதற்காக என்னைப் பாராட்டியதும் உண்டு. வரும் வசந்தத்தில் பட்டம் எனக்கு வரும். ஆளில்லாத பந்தயத்தில் முதலில் வந்தவன் என்று என் மனைவி லுகேரியா இப்போதே அழைக்கத் தொடங்கிவிட்டாள்.

4. அவர் வெற்றிக்குக் காரணம் இடம். மேல் ஓடையில் தேவதாரு அடர்ந்திருப்பதால் சேபிள் கறுத்து, பட்டுப்போல் இருக்கும். என் கீழ் ஓடை சதுப்பு; அங்கே திரிவது வெளிறிய இனம். ஊரோ இடத்தைப் பேசுவதில்லை, கையைப் பேசுகிறது.

5. தாங்கள் நகரத்திலிருந்து புதிதாக வந்தவர் என்பதால் எங்கள் எவெங்கி இன வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருவத்தின் முதல் சேபிளைப் பிடித்தவர் வைத்துக்கொள்ளக் கூடாது. தோலைப் பதப்படுத்தி, பக்கத்து வேட்டைக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்குபவர் மறுக்கக் கூடாது. ஆகவே என் மூட்டையில் ஆண்டுதோறும் அவர் தோல் ஒன்று இருக்கும், அவர் மூட்டையில் என்னுடையது ஒன்று. கடந்த வசந்தத்தில், தோல் தரம் பிரிக்கும் ஜினாய்தா பாவ்லோவ்னா என் மூட்டையிலிருந்து ஒன்றை உருவி எடுத்து, எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "இது ஒண்ணுதான்யா தோலு. மத்ததெல்லாம் நனைஞ்ச சாக்ஸ் மாதிரி இருக்கு." பிறகு குப்ரியானின் மூட்டையைப் பிரித்தார். "அண்ணே, உங்க மூட்டைக்குள்ள யாரோ பூனையைப் போட்டுட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். குப்ரியான் சிரிக்கவில்லை. "அது நல்ல சேபிள்தாம்மா. தோலை இழுத்துக் காயவச்ச பலகைதான் கொஞ்சம் குட்டை" என்றார். எனக்காகப் பரிந்து பேசிய இச்செயலைத் தனிக் குற்றமாகப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

6. அவர் போகக் கூடாது என்று வீட்டுக்கே சென்று வாதாடினேன். தேநீர் கொடுத்தார். முழங்கால் தேய்ந்துவிட்டது, பனிச்சறுக்குக் கட்டையில் ஏற முடியவில்லை என்றார். "எடுத்துக்கோ பிரோகோபி. உனக்கு எப்பவும் அந்தக் காட்டு மேலதானே கண்ணு" என்றார். அவர் சொன்னது உண்மை என்பதால் தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஐயா, யோசித்துப் பாருங்கள். மேல் ஓடையில் நான் நல்ல தோல் எடுத்தால், அது குப்ரியானின் காடு என்பார்கள். மோசமான தோல் எடுத்தால், அந்தக் காட்டிலும் இவ்வளவுதானா என்பார்கள். ஊரை விட்டுப் போன பின்னும் அவர்தான் ஜெயிப்பார்.

7. எனவே அந்த உத்தரவை ரத்து செய்து, ஒரே ஒரு குளிர்காலம் மட்டும் அவர் கீழ் ஓடையிலும் நான் மேல் ஓடையிலும் வேட்டையாட உத்தரவிடுங்கள். மூட்டைகளில் பெயர் இருக்கக் கூடாது. முழங்காலைக் காரணம் காட்டி அவர் தப்பிக்காதிருக்க, என் பனி வண்டியை அவருக்கே தருகிறேன். கீழ் ஓடைக் குடிசையில் அடுப்பைச் சரிசெய்து, அவர் குனியத் தேவையில்லாத உயரத்தில் விறகும் அடுக்கிவிட்டேன். நல்ல பொறிகளையும் அங்கேயே விட்டிருக்கிறேன். தோற்றபின் அவர் குறை சொல்லக் கூடாது.

8. இது இயலாதெனில், அதே குழாய்ப் பாதையில் அவருக்கு அடுத்த காவல் கொட்டகையில் எனக்கும் வேலை கிடைக்கப் பரிந்துரைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அங்கே சிறந்த காவலாளிக்குப் பட்டம் ஏதும் உண்டா என்பதையும் தெரிவித்தால் நலமாக இருக்கும்.

இடம்: ஊல்கித்
நாள்: செப்டம்பர் 14

முதல் பனி விழுமுன் தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) பிரோகோபி எல்தோகிர்